நாவற்குடாவுக்குப் போன தண்ணீர்

கல்குடா,
2005 மே 12

என் அன்பு மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். முதல் வரியிலேயே பொய்யை வைத்துவிட்டு மிச்சத்தை எப்படி எழுதுவது?

மகனுக்கு மறுபடியும் வயிற்றால் போகிறது. வாழைச்சேனை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, நேற்றுத்தான் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு பிந்திப் பதில். வெள்ளிக்கிழமை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் போன் கடையில் எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற பெண்கள் நான் பேசுவதை உங்களைவிடக் கவனமாகக் கேட்கிறார்கள். நான் அழுதால் அவர்களும் அழுகிறார்கள். அதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

நீங்கள் மாசியில் விமானம் ஏறும்போது இவன் எப்படி இருந்தான்? இரண்டு கையாலும் தூக்க வேண்டும். இப்போது ஒரு கையில் கிடக்கிறான். எல்லாம் சித்திரைக்குப் பிறகுதான். மார்கழியில் கடல் பொங்கி வந்து வீட்டையும் உங்கள் வள்ளத்தையும் எஞ்சினையும் கொண்டுபோனபோதுகூட இவனுக்கு ஒரு தும்மல் வரவில்லை. அப்போது பள்ளிக்கூட முகாமில், கடல் துரத்திய தாயின் பால் பயந்த பால், பிள்ளைக்கு ஆகாது என்று பீய்ச்சி மண்ணில் ஊற்றச் சொன்னார்கள். கம்பஸில் படித்த நானும் ஊற்றினேன். பிறகு ஊற்றுவதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. அன்றிலிருந்து ரின்னில் வருகிற மாப்பால்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

நான் கவனமில்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். போத்தலையும் சூப்பியையும் அவித்துத்தான் எடுக்கிறேன். முகாமில் தந்திருக்கிற இந்தத் தகரக் கொட்டிலுக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. பங்குனியில் ஒரு கொட்டில் எரிந்ததிலிருந்து இந்தச் சட்டம். பொதுக் குசினியைக் காலையிலும் பின்னேரமும்தான் திறக்கிறார்கள். நீங்கள் புதுவருசத்துக்கு அனுப்பிய பிளாஸ்க் மட்டும் இல்லையென்றால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. காலையில் பாலைக் கரைத்துக் குடிக்கிற பதத்துச் சூட்டில் அதற்குள் ஊற்றினால் பின்னேரம் வரைக்கும் அதே சூடு. பக்கத்துக் கொட்டில் அன்னப்பூரணி அக்கா அதைத் தடவித் தடவிப் பார்க்கிறா. "தங்கச்சி, உன்ட புருசன் பிளாஸ்க் அனுப்புறான். என்ட புருசன் இஞ்ச இருந்து கொண்டு கொட்டாவிதான் அனுப்புறான்" என்கிறா.

விசயம் இதுதான். மட்டக்களப்புப் பக்கம் நாவற்குடாவில் அம்மா வீட்டுக்குப் போனால் மகன் சுகமாகிறான். இங்கே வந்தால் மறுபடி விழுகிறான். முகாமில் வைத்திருக்கிற இந்தக் கறுப்புத் தாங்கித் தண்ணீர்தான் காரணம் என்று அம்மா சொல்கிறா. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் வீடு கட்டித் தருகிற அமைப்பின் ஐயா எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பாராம். வரும்போது கொட்டிலில் ஆள் இல்லையென்றால் பெயரை வெட்டிவிடுவார்களாம்.

எனக்கு வீடு வேண்டாம், மகன் வேண்டும். நான் நாவற்குடாவுக்கே போய்விடவா? சொல்லுங்கள்.

உங்கள்,
யசோதினி


டோகா,
2005 மே 27

அன்பு யசோ,

உன் கடிதம் வந்த அன்று நான் சாரம் கட்டுகிற உயரத்தில் நின்றேன். கீழே வந்துதான் வாசித்தேன். நல்லகாலம். மேலே நின்று வாசித்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள்.

எனக்கு உன்னைப் போல எழுத வராது. நேரே சொல்கிறேன், கோபிக்காதே. உன் அம்மாவுக்கு என்னை முதலிலிருந்தே பிடிக்காது. கம்பஸில் படித்த மகளை மீன் மணக்கிற வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவ ஊரெல்லாம் சொன்னது எனக்குத் தெரியாதா? இப்போது வீடும் இல்லை, வள்ளமும் இல்லை, நானும் இல்லை. உன்னை அங்கே கூப்பிட்டு வைத்துக்கொள்ள அவவுக்கு இது நல்ல சாட்டு.

யசோ, நான் இந்த வெயிலில் நிற்பது அந்த வீட்டுக்காகத்தான். வீட்டுப் பட்டியலில் எங்கள் பெயர் போனால் பிறகு யாருடைய கையைக் காலைப் பிடிப்பது? தண்ணீர்தான் பிரச்சினை என்றால் நன்றாகக் கொதிக்க வை. என்னோடு ஒரே அறையில் படுக்கிற மஜீட்டை உனக்குத் தெரியும், ஓட்டமாவடிக்காரன். அவனுடைய மகளுக்கும் இதே கதைதானாம். அவர்களுக்குக் கல்வீடு, சொந்தக் கிணறு. கடல் அந்தப் பக்கம் வரவே இல்லை. அங்கேயும் வயிற்றால் போகிறது. பல்லு முளைக்கிறபோது எல்லாப் பிள்ளைக்கும் போகும் என்று அவன் சொல்கிறான்.

கொட்டிலை விடாதே. மகனின் படம் ஒன்று அனுப்பு. மெலிந்த படம் என்றாலும் பரவாயில்லை.

உதயரூபன்


நாவற்குடா,
2005 ஜூன் 11

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு உடனே ஒரு பதில் எழுதினேன். அதைத் தபாலில் போட்டிருந்தால் டோகாவில் உங்கள் கட்டில் எரிந்திருக்கும். பல்லு முளைக்கிறதாம். பல்லு கல்குடாவில் மட்டும்தான் முளைக்குமா? நாவற்குடாவுக்கு வந்ததும் உள்ளே போய்விடுமா?

ஆனால் அந்தக் கோபத்தில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு மீண்டும் வந்தது. ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அம்மா வீட்டுக்குப் புறப்பட்டேன். புறப்படும்போது நினைத்தேன்: எல்லாரும் தண்ணீர் தண்ணீர் என்கிறார்களே, அந்தத் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போனால் என்ன? பக்கத்துக் கொட்டில் அன்னம் அக்காவிடம் மண்ணெண்ணெய்க் கான் போல ஒரு வெள்ளைக் கான் இரவல் வாங்கி, கறுப்புத் தாங்கியில் நிரப்பி, பிள்ளை ஒரு கை, கான் ஒரு கையாக வாழைச்சேனையில் பஸ் ஏறினேன். அக்கா சிரித்த சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டும். "ஊருல எல்லாரும் நல்ல தண்ணிய முகாமுக்குக் கொண்டு வாறாங்க. நீ முகாம் தண்ணிய ஊருக்குக் கொண்டு போறாய். படிச்சா இப்படியா வரும்?"

செங்கலடிக்கு முன்னால் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். சந்தியில் யாரையோ சுட்டுவிட்டார்கள் என்று அன்று கெடுபிடி கூட. ஆமிக்காரப் பெடியன் கானை மோந்து பார்த்தான். தண்ணீர் என்றேன். மட்டக்களப்பில் தண்ணீர் இல்லையா என்று அரைத் தமிழில் கேட்டான். இருக்கிறது என்றேன். பிறகு ஏன் கொண்டு போகிறாய் என்றான். என்ன சொல்லுவது? மகனைக் காட்டினேன். இவன் குடிக்கத்தான் என்றேன். அப்போ நீ குடி என்று மூடியைத் திறந்து நீட்டினான். பஸ்ஸில் இருந்த எல்லாரும் எட்டிப் பார்க்க, நான் ரோட்டில் நின்று அந்தக் கொதிக்காத தண்ணீரைக் குடித்தேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் குடிக்கச் சொன்னான். பஸ் கொண்டக்டர், "ஐயா, விடுங்க, வயித்தால போய் என்ட பஸ்ஸுக்குள்ள இருந்தா நான் என்ன செய்யிற" என்று கெஞ்சித்தான் என்னை ஏற்றினார்.

மச்சான், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அம்மாவிடம் கானைப் பற்றிச் சொல்லவில்லை. அவவுக்குத் தெரிந்தால் தூக்கி வேலிக்கு அங்கால் எறிந்திருப்பா. குசினிக்குப் பின்னால் ஒளித்து வைத்து, அந்தத் தண்ணீரைத்தான் கொதிக்க வைத்து மகனுக்குப் பால் கரைத்தேன். ஒவ்வொரு முறையும் இவன் துணியைப் பிரித்துப் பார்க்கும்போது பரீட்சை முடிவு பார்க்கிறதுபோல இருந்தது. கான் முடியும் வரைக்கும் அதே தண்ணீர். ஒன்றும் இல்லை. அழகாக, மஞ்சளாக, கட்டியாகப் போகிறான். கடிதத்தில் இதையெல்லாம் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். இதைவிட நல்ல செய்தி என்னிடம் இல்லை.

தண்ணீர் இல்லை, மச்சான். கல்குடாத் தண்ணீரை இவன் நாவற்குடாவில் இருந்து குடித்தான், சுகமாக இருக்கிறான். அப்படியென்றால் வேறு ஏதோ ஒன்று அந்தக் கொட்டிலுக்குள் இருக்கிறது. ஈயா, பாயா, மண்ணா? மண் என்றால் அன்னம் அக்காவின் மகள் விதுர்ஷா மண்ணைக் கைநிறைய அள்ளித் தின்கிறாள். தாய்ப்பால் குடிக்கிறாள், மண்ணும் தின்கிறாள், ஒரு நாளும் ஆஸ்பத்திரி வாசலைக் கண்டதில்லை.

நாளைக்குக் கொட்டிலுக்குத் திரும்புகிறேன். உங்கள் வீட்டுக்காக இல்லை. எனக்குக் கண்டுபிடிக்க வேண்டும்.

யசோதினி


டோகா,
2005 ஜூன் 28

அன்பு யசோ,

சாவடியில் நீ தண்ணீர் குடித்த இடத்தை அறையில் எல்லாருக்கும் சத்தமாக வாசித்தேன். மஜீட் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தான். பிறகு நான் வெளியே போய் நின்றேன். பிள்ளையையும் கானையும் தூக்கிக்கொண்டு நீ தனிய ரோட்டில் நின்றிருக்கிறாய்.

பல்லுக் கதையை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். உன் அம்மாவைப் பற்றிச் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

எனக்கு நோய் பற்றித் தெரியாது, எஞ்சின் தெரியும். நடுக் கடலில் எஞ்சின் நின்றால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் கரைக்கு வரமாட்டோம். ஒரு சாமானை மட்டும் மாற்றி இழுத்துப் பார்க்க வேண்டும். பிளக்கை மாற்று, இழு. சரிவரவில்லையா, பழையதைப் போட்டுவிட்டு அடுத்ததை மாற்று. நீ தண்ணீரில் செய்தது அதுதான். அப்படியே செய். கொட்டிலில் மகனுக்கென்று இருக்கிற சாமானை ஒவ்வொன்றாக நாவற்குடாவுக்குக் கொண்டு போ. எது கூட வரும்போது அவன் விழுகிறானோ அதுதான்.

கொட்டிலைப் பற்றி இனி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நீ எங்கே இருக்கிறாயோ அதுதான் வீடு என்று எழுத ஆசை. ஆனால் மனம் வரவில்லை. வீடும் வேண்டும், யசோ. நீயும் அவனும் அதற்குள் இருக்க வேண்டும்.

படம் வந்தது. கண் மட்டும்தான் பெரிதாக இருக்கிறது.

உதயரூபன்


நாவற்குடா,
2005 ஜூலை 19

என் அன்பு மச்சானுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். இருங்கள், ஒழுங்காகச் சொல்கிறேன். நேரே கடைசிக்குப் போனால் உங்களுக்குக் கோபம் வரும், அல்லது அழுகை வரும். இரண்டும் எனக்கு வேண்டாம்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். முதலில் கொட்டிலில் திறந்த பால்மா ரின்னோடு வந்தேன். மகன் சுகம். அடுத்த முறை கொட்டிலில் பாவிக்கிற சூப்பிப் போத்தல். சுகம். அதற்குள் அம்மாவுக்கு நான் ஏதோ செய்கிறேன் என்று விளங்கிவிட்டது. "என்னகா, ஒவ்வொரு சாமானாக் காவிக் கொண்டு வாறாய்? கொட்டில இஞ்ச கொண்டு வந்து கட்டப் போறியா?" என்று கேட்டா.

இந்த முறை நான் கொண்டு வந்தது உங்கள் பிளாஸ்க். அதைச் சோதிக்க என்று கொண்டு வரவில்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவுக்குக் காட்டத்தான் கொண்டு வந்தேன். மீன்காரன் மீன்காரன் என்கிறாவே, பாருங்கள் என்ன மாதிரிச் சாமான் அனுப்பியிருக்கிறார் என்று மேசையில் நடுவில் வைத்தேன். நாவற்குடாவில் அதற்கு வேலையே இல்லை. இங்கே குசினி எந்த நேரமும் திறந்திருக்கும். இவன் அழுகிற நேரம் தண்ணீரைச் சுடவைத்துப் புதிதாகக் கரைத்துக் கொடுத்துவிடுவேன். அதனால் ஒரு முறைகூட அதை இங்கே கொண்டு வந்ததில்லை.

அம்மா திறந்து பார்த்தா, மூடிப் பார்த்தா, தட்டிப் பார்த்தா. பிறகு சொன்னா: "பரவாயில்லை, மருமகன் நல்ல சாமான்தான் அனுப்பியிருக்கார்."

மச்சான், அவ வாயிலிருந்து முதல் தடவையாக மருமகன் என்ற சொல் வந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அடுத்த நாள் அவவே விடியற்காலையில் எழும்பி, நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, பாலைக் கரைத்து, பிளாஸ்கை நிரப்பி, இன்றைக்கு நீ பால் கரைக்கத் தேவையில்லை, ஆறுதலாகப் படு என்று சொல்லிவிட்டா. நானும் பின்னேரம் வரைக்கும் அதிலிருந்துதான் கொடுத்தேன். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

இரண்டாம் நாள் பின்னேரம் மகனுக்குத் தொடங்கியது.

நான் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். அம்மா வீடு. அம்மா கிணறு. அம்மா கழுவிய போத்தல். முகாம் மண் ஒரு துளி இல்லை. ஈ இல்லை. அம்மா பயந்து என்னையே பார்த்தா. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். அவ என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பா. பிள்ளைக்கு வயிற்றால் போகிறது, தாய் சிரிக்கிறாள். ஓடிப்போய்ப் பிளாஸ்கைத் திறந்து மோந்தேன். ஒரு கெட்ட மணமும் இல்லை. நல்ல பால் மணம். அதுதான் இவ்வளவு காலமும் என்னை ஏமாற்றியது.

மகனையும் பிளாஸ்கையும் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். அங்கே மிட்வைஃப் மிஸ் முதலில் மகனைப் பார்த்தா. கண் குழிந்திருக்கிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே திரும்புகிறதா என்று பார்த்தா. ஜீவனி என்கிற உப்புச் சீனிப் பக்கற்றைக் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கரண்டியால் கொடுக்கச் சொன்னா. வயிற்றால் போகிறது என்று தண்ணீரை நிறுத்தினால்தான் ஆபத்து, போகப் போகக் கொடுக்க வேண்டும் என்றா. பிறகு பிளாஸ்கைக் கேட்டு வாங்கினா. நான் சொல்லி முடிக்கவில்லை, தலையில் கை வைத்தா. கரைத்த பாலில் தப்பித் தவறி ஒரு கிருமி விழுந்தாலும், அந்த இளஞ்சூட்டில் மணிக்கணக்காக இருந்தால் அது பெருகி நிறைந்துவிடுமாம். ஆறிப்போனால் பிள்ளை குடிக்காது, கொட்டிவிடுவோம். சூடாகவே இருப்பதால் பின்னேரம் வரைக்கும் நாங்களே ஊட்டுகிறோம்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், பிளாஸ்கில் கொதித்த தண்ணீர் மட்டும். பால் ஒரு துளிகூட அதற்குள் போகாது. இவன் கேட்கிற நேரம் ஒரு கோப்பையில் அளவாகக் கரைத்து, ஆற்றிக் கொடுக்கிறேன், மிச்சத்தைக் கொட்டுகிறேன். சூப்பிப் போத்தலையும் விட்டாயிற்று. அந்தச் சூப்பிக்குள் எவ்வளவு தேய்த்தாலும் பிசுக்கு நிற்கும் என்றா மிஸ். கோப்பையாலும் கரண்டியாலும் கொடுக்கிறேன். முதல் இரண்டு நாள் பாதி என் சேலைக்கு, பாதி அவனுக்கு. இப்போது கோப்பையைக் கண்டாலே வாயைத் திறக்கிறான்.

உங்கள் பிளாஸ்கைப் பற்றி எழுதுவதற்கு எனக்குக் கை கூசியது. அது நல்ல பிளாஸ்க். நாங்கள் அதற்குள் என்ன ஊற்றினோம் என்பதில்தான் பிழை. அம்மா இன்னும் உங்களை மருமகன் என்றுதான் சொல்கிறா, திருப்பி எடுக்கவில்லை.

நாளைக்கு நானும் மகனும் கொட்டிலுக்குப் போகிறோம். இனி ஏன் பயம்?

உங்கள்,
யசோ


டோகா,
2005 ஓகஸ்ட் 3

யசோ,

இதைப் பேத்தாழை ஊர் ஆள் ஒருவன் கையில் கொடுத்துவிடுகிறேன், நாளைக்கு விமானம் ஏறுகிறான். அவன் காத்துக்கொண்டு நிற்கிறான், அதனால் கெதியாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு எனக்கு நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. நான் அந்தப் பிளாஸ்கைத் தெரிந்தெடுக்கக் கடையில் எவ்வளவு நேரம் நின்றேன் தெரியுமா? சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்று கடைக்காரனைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதிக நேரம் நிற்கிறதாகத் தா என்றேன்.

அதை விடு. விசயம் என்னவென்றால், அன்றைக்கு நானும் மஜீட்டும் ஒன்றாகத்தான் வாங்கினோம். ஒரே மாதிரி. அவனும் தன் பிள்ளைக்குத்தான் அனுப்பினான். எங்களைப் பார்த்து இந்தக் கட்டடத்தில் இன்னும் எத்தனை பேர் வாங்கி அனுப்பினார்களோ. நேற்று அறை அறையாகப் போய்ச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலர் உடனே போன் எடுக்க ஓடினார்கள்.

மஜீட்டின் மகள் றுக்ஷானாவுக்கு மறுபடியும் கடுமையாம். அவன் போனில் பிளாஸ்கில் பால் வைக்காதே என்று மனிசியிடம் சொன்னான். றமீஸா நம்பவில்லை. கண்ணால் காணாமல் அங்கே இருந்துகொண்டு ஆரோ சொன்ன கதையைச் சொல்கிறீர்கள் என்று போனை வைத்துவிட்டாவாம். அவன் சாப்பிடாமல் கிடக்கிறான்.

உனக்கு ஓட்டமாவடி கிட்டத்தானே. நீ போய்ச் சொன்னால் கேட்பா. போ, யசோ. கடிதம் கிடைத்த உடனே போ.

ரூபன்


கல்குடா,
2005 ஓகஸ்ட் 11

என் அன்பு மச்சானுக்கு,

போய் வந்துவிட்டேன். மஜீட் அண்ணனைச் சாப்பிடச் சொல்லுங்கள். முதலில் இதை அவரிடம் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

உங்கள் கடிதம் எப்போது வந்தது தெரியுமா? வீட்டு அமைப்பின் ஐயா இன்றைக்கு வருகிறார், ஒருவரும் கொட்டிலை விட்டு அசையக் கூடாது என்று முகாமில் அறிவித்த காலையில். நான் குசினியிலிருந்து சுடுதண்ணீரோடு வருகிறேன், பேத்தாழைத் தம்பி கடிதத்தோடு நிற்கிறார். வாசித்தேன். கொட்டிலைப் பார்த்தேன். மாதக்கணக்காக எதற்காக இந்தத் தகரத்துக்குக் கீழே வெந்தோமோ அந்த நாள் அன்றைக்குத்தான். நாளைக்குப் போனால் என்ன என்று ஒரு மனம் சொன்னது. நாளைக்கு அந்தப் பிள்ளை எப்படி இருக்குமோ என்று மறு மனம். மகன் ஒரு கையில் கிடந்த நாட்கள் எனக்குத் தெரியும், மச்சான். ஒரு பகல் என்பது பெரிய நேரம்.

அன்னம் அக்கா என் கையிலிருந்து மகனை வாங்கினா. "நீ போ. வாறவரை நான் பாத்துக் கொள்ளுறன். உன்ட பேரை வெட்ட வந்தா முதல்ல என்ட கழுத்த வெட்டச் சொல்லுறன்." கோப்பையும் கரண்டியும் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு ஓட்டோவில் ஏறினேன்.

றமீஸா வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தா. நான் ஆர் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. "எங்கட ஊட்டு ஆம்புள வெயிலுல காஞ்சி வாங்கி அனுப்பின சாமான். அதுல குத்தம் சொல்ல நீங்க ஆரு?" என்று கேட்டா. எனக்குக் கோபம் வரவில்லை. என்னிடம் யாராவது வந்து சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன். "எங்கட ஊட்டயும் இதே பிளாஸ்க்தான், இதே சிவப்புப் பூ. என்ட மகன் மூணு மாசமாக் கிடந்தான்" என்றேன். அவ வழியை விட்டா.

பிள்ளை பாயில் கிடந்தது. கண் உள்ளே போய், உதடு காய்ந்து, அழுகிறது, கண்ணீர் வரவில்லை. எப்போது தண்ணீர் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "குடுக்கக் குடுக்கப் போகுது, அதான் நேத்தையில இருந்து நிப்பாட்டினன்" என்றா. பிளாஸ்க் கதையைப் பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். பையில் இருந்த ஜீவனியைக் கரைத்து, பிள்ளையை மடியில் வைத்து, கரண்டியால் ஒவ்வொரு சொட்டாக விட்டேன். நாக்கை நீட்டி நீட்டிக் குடித்தாள். றமீஸா பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு கரண்டியையும் தானே குடிக்கிறதுபோல வாயை அசைத்தா. வந்த ஓட்டோவையே நிறுத்தி வைத்திருந்தேன். இரண்டு பேருமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்கக் கரண்டிதான். ஓட்டோ குலுங்குகிற குலுக்கத்தில் பாதி என் மடியில்.

அங்கே ஏற்ற வேண்டியதை ஏற்றினார்கள். நாங்கள் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். மத்தியானம் கழிந்து, நான் பிள்ளையைத் தூக்கி மற்றப் பக்கம் திருப்பும்போது, சேலை சூடாக நனைந்தது. முந்தின நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்குச் சிறுநீர் போகவில்லையாம், மச்சான். றமீஸா என் சேலையைத் தொட்டுப் பார்த்தா. பிறகு என்னைக் கட்டிப்பிடித்து, ஆஸ்பத்திரி என்றும் பாராமல், "மூத்திரம் பேஞ்சிட்டாள், மூத்திரம் பேஞ்சிட்டாள்" என்று அழுதா. நானும் அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவர் இதற்கா இந்தக் கூத்து என்று பார்த்தார். டொக்டர் வந்து பிள்ளை தப்பிவிட்டது என்றார். பிளாஸ்க் விசயத்தை அப்போதுதான் ஆறுதலாகச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவ, பக்கத்து வீட்டிலும் ஒரு பிளாஸ்க் இருக்கிறது, போய் முதல் வேலையாக அதைச் சொல்ல வேண்டும் என்றா.

அதற்குப் பிறகுதான் எனக்கு எங்கள் வீட்டு நினைவு வந்தது.

முகாமுக்குள் ஓட்டோ நுழையும்போது எங்கள் வரிசையில் ஒரே சனம். செத்தேன் என்று நினைத்தேன். இறங்கி ஓடினேன். ஐயா அங்கேதான் நிற்கிறார். நிற்கிறார் என்றால், எங்கள் கொட்டில் வாசலில் குந்தியிருக்கிறார், அவருக்கு முன்னால் நம்முடைய மகன்.

நடந்தது இதுதான். ஐயா வந்தார், தாய் எங்கே என்று கேட்டார். அன்னம் அக்கா ஆஸ்பத்திரிக் கதையை நீட்டி நீட்டிச் சொன்னா. அவர் கேட்கவில்லை. ஆள் இல்லாத கொட்டில் என்று எழுதப் பேனையைத் திறந்தார். பைலை முழங்காலில் வைக்கக் குந்தினார். மகன் தவழ்ந்து போய் எட்டிப் பேனையைப் பிடித்துவிட்டான். அவர் இழுத்தார். இவன் விடவில்லை. சிரிக்கிறானாம். அவர் மெல்ல இழுத்தார், பிறகு கொஞ்சம் பலமாக இழுத்தார், இவன் பேனையோடு சேர்ந்து அவர் மடிக்கே போய்விட்டான். சனம் கூடிவிட்டது. வேறு பேனை ஒன்று தாருங்கள் என்று கேட்டார். அன்னம் அக்கா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, இந்த வரிசையில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான், பேனையும் அவளிடம்தான், அவள் வரும் வரைக்கும் பொறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டா. அக்காவின் இடுப்பில் ஒரு பேனை செருகியிருந்ததை நான் என் கண்ணால் கண்டேன்.

ஐயா என்னைப் பார்த்தார். நனைந்த சேலை, கலைந்த தலை. நீங்கள்தான் தாயா என்றார். ஓம் என்றேன். இவர் சாப்பாட்டுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் கோப்பையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தினார். "அம்மா, முதல்ல என்ட பேனையை வாங்கித் தாங்க, நீங்க கையெழுத்து வைக்க வேணும்" என்றார்.

வைகாசியில் என் விரலைக்கூடப் பிடிக்க மாட்டாமல் கிடந்த கை, மச்சான். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கத்தினான். அந்தக் கத்தலுக்கு நடுவில் வீட்டுப் பட்டியலில் எங்கள் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன்.

உங்கள்,
யசோ